நீலப் போத்தலோடு கோபித்துக்கொண்ட தண்ணீர்

வைகாசிக் குளிர்த்தித் திருவிழா முடிந்து வந்த திங்கட்கிழமை காலையில், வாவிக்கரைக் குறுந்தெருவான ஒழுங்கையில் பிரஷாந்தி தன் மகளின் பள்ளிக்கூடப் போத்தலைக் குழாயின் கீழே பிடித்தபோது, தண்ணீர் போத்தலின் வாய்க்கு இரண்டு விரல் மேலே நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, திரும்பிக் குழாய்க்குள்ளேயே ஏறிப் போய்விட்டது. அன்று இறால் மலிவு. வானத்தில் மேகம் இல்லை. பிரஷாந்தி குழாயை மூடித் திறந்தாள். தண்ணீர் வந்தது, நின்றது, பார்த்தது, போனது. பக்கத்து வீட்டு வளவுச் சீதேவிப்பிள்ளை இதை மதிலுக்கு மேலாகக் கண்டாள். அந்த நேரம் மதிலோரம் கறிவேப்பிலை பறித்துக்கொண்டு நின்றதாக அவள் சொல்கிறாள். அந்த மதிலோரம் கறிவேப்பிலை மரம் எதுவும் இல்லை என்பது ஒழுங்கைக்கே தெரியும்.

போத்தலின் சரித்திரம் பெரிதல்ல. நீல நிறம், தடித்த பிளாஸ்டிக், ‘டக்’ என்று பூட்டும் மூடி. ஓட்டமாவடியிலிருந்து சின்ன லொறியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வாளி, கூடை, போத்தல் விற்க வரும் முனாஸிடம் வாங்கியது. சித்திரை லீவுக்கு முதல் நாள் அதற்குள் மோர் ஊற்றிக் கொடுத்தார்கள். மகள் நிருஷா பாதியைக் குடித்துவிட்டு, மூடி, அலுமாரிக்கு மேலே வைத்து மறந்தாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று மூடியைத் திறந்தபோது வீட்டுப் பூனை எழுந்து வெளியே போனதாம். பிரஷாந்தி சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். மோர் நாற்றத்தோடு சவர்க்கார வாசமும் சேர்ந்தது. ஏலக்காய் தட்டிப் போட்டாள். தண்ணீர், ஈரச் சப்பாத்துக்குள் காய்ச்சிய பாயாசம் போல ருசித்தது. அதற்குப் பிறகு அவள் செய்தது ஒன்றுதான்: போத்தல் மணக்கவில்லை என்று அறிவித்தாள். பிரஷாந்தி அறிவித்தால் அந்த வீட்டில் அது முடிந்த விஷயம். அவள் புருஷன் ரதீஸ் மின்சார வேலை செய்கிறவன், அறிவித்தல்களுக்குக் குறுக்கே கை போடாதவன்.

குளிர்த்தி அன்று கண்ணகி அம்மன் கோயில் வெளியில், மணலில் பாய் விரித்திருந்தபோது, தெய்வமணிக்குத் தாகம் எடுத்தது. தெய்வமணி ரதீஸின் மூத்த அக்கா. வாவிக்கு அக்கரையில் இருப்பவள். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். அப்படித் தம்பியை அனுப்பி வைத்த நாளிலிருந்து பிரஷாந்தி வீட்டுக் கறியில் உப்புக் கூடியதா குறைந்ததா என்பதைத் தூரத்திலிருந்தே கணித்து வருகிறவள். பிரஷாந்தி மரியாதையாகத்தான் நீலப் போத்தலை நீட்டினாள். தெய்வமணி மூடியைத் திறந்தாள். மூக்கு மேலே போய் நெற்றியில் ஒட்டியது.

“என்னகா பிரஷாந்தி, இதுக்குள்ள எலி கிலி செத்துக் கிடக்கா?”

“போத்தல் மணக்கல்ல மச்சாள்,” என்றாள் பிரஷாந்தி, சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக. “மூக்குக்குக் கீழதானே வாய் இரிக்கி. அந்த மணமாக்கும்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிற்பாடு, தாங்கள் சிரிக்கவே இல்லை என்று அம்மன் மேல் சத்தியம் செய்தவர்களும் அவர்கள்தான். தெய்வமணி எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, யாரிடமும் போய்வாறேன் என்று சொல்லாமல் போய்விட்டாள். போத்தலில் இருந்த தண்ணீரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது தெய்வமணியின் பக்கம் சேர்ந்துகொண்டதா, அல்லது அந்தப் போத்தலுக்குள் கிடந்து பட்ட பாட்டுக்குத் தனியாகக் கோபித்ததா என்பதில் ஒழுங்கை இன்றுவரை இரண்டாகப் பிரிந்துதான் இருக்கிறது.

போத்தலோடு மட்டும் இருந்த கோபம் அந்தக் கிழமைக்குள் வீடு முழுக்கப் பரவியது. குழாய் வெறும் காற்றை விட்டது. கிணற்றுக்குள் வாளி இறங்க இறங்க, நீரும் அதே அளவு கீழே இறங்கியது. பிரதேச சபையின் தண்ணீர் லொறி, பவுசர், வந்தது. குழாயின் நுனிவரை வந்த தண்ணீர் வீட்டுத் தாங்கியைக் கண்டதும் பின்வாங்கியது. சாரதி, “அக்கா, உங்கட பிரச்சினையைப் பேசித் தீருங்க, எனக்கு இன்னும் வீடுகள் கிடக்கு,” என்று வண்டியைத் திருப்பினான். ஆனியில் பெய்த ஒற்றை மழை அவள் கூரையைச் சுற்றிக்கொண்டு போய், மிச்சத்தைச் சீதேவிப்பிள்ளையின் வளவில் கொட்டி, மரவள்ளியை அழுகப் பண்ணியது. தண்ணீர் குழாய்க்குள் திரும்பி ஏறியதை முதல் நாளே எடுத்த வீடியோவை ரதீஸ் முகநூலில் போட்டான். படத்தைப் பின்னோக்கி ஓடவிட்டிருக்கிறான் என்று நூறு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். வீட்டில் இளநீரும் தேங்காய்ப்பாலும்தான் புழங்கின, அவற்றுக்குக் கோபம் இல்லை. பிரஷாந்தி குளிக்க வாவிக்குள் இறங்கினால், வாவி அவளைச் சுற்றி வட்டமாக விலகி நின்றது. சேற்றில் இறால் துள்ளியது. இரண்டாம் நாளே ஒழுங்கைப் பெண்கள் கூடையோடு கரையில் நின்றார்கள். “பிரஷாந்தி, இன்னும் ரெண்டு எட்டு அங்கால வைகா, நண்டு கிடக்கு!” அந்தக் காலத்தில் அவளுடைய கஷ்டம் தீரவேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொண்டார்கள், ஆனால் அவசரப்படவில்லை.

தன் சரக்கின் மேல் விழுந்த பழியைத் துடைக்க முனாஸே வந்தான். “தங்கச்சி, போத்தல்ல பிழை இல்ல. வினாகிரி ஊத்துங்க, அப்பச்சோடா போடுங்க, பேப்பரைச் சுருட்டி உள்ளுக்கு வைங்க, மறுகா மூடாம வெயில்ல போடுங்க. மணம் ஓடல்லண்டா நான் யாவாரத்தை உடுறன்.” வினாகிரி தயங்காமல் உள்ளே போனது. அப்பச்சோடா நுரைத்துப் பொங்கியது. குச்சியில் துணி சுற்றித் துடைத்து, பத்திரிகையைச் சுருட்டித் திணித்து, போத்தலை மதிலில் வெயில் காய வைத்தாள். மூடி தொலைந்துவிடும் என்று அதை மட்டும் அலுமாரிக்குள் பூட்டி வைத்தாள். கடைசியில் ஒழுங்கையில் இருந்த மூக்குகள் எல்லாம் வரிசையாக வந்து போத்தலுக்குள் நுழைந்து பார்த்தன. ஒரு மணமும் இல்லை. “சொன்னன்தானே!” என்றாள் பிரஷாந்தி. தண்ணீர் மட்டும் வரவில்லை.

ரதீஸ் குளிப்பதற்கு அக்கா வீட்டுக்குப் போய்வந்தான். முதலில் குளித்துவிட்டு வந்தான். பிறகு குளித்துச் சாப்பிட்டு வந்தான். பிறகு குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு, தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வந்தான். இது எங்கே போய் முடியும் என்று கணக்குப் பார்ப்பதில் சீதேவிப்பிள்ளைக்குப் பொழுது போனது.

இந்த நிலையில் நிருஷா பெரியபிள்ளையானாள். தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை அறையை விட்டு வெளியே வர முடியாது. முதல் தண்ணீரைத் தகப்பனின் அக்காதான் வார்க்கவேண்டும். வேறு வீட்டுக்குக் கூட்டிப் போய் வார்க்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. தண்ணீர் வராத வீடு, மாமி வராத வீடு, உள்ளே பிள்ளை. இளநீரை வார்த்தால் என்ன என்று ரதீஸ் கேட்டான். பிள்ளையை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பெண்கள் சொன்னார்கள். மாத முடிவில் வலைப்பந்துப் போட்டி இருந்தது. பள்ளிக்கூட அணியில் பந்தை வளையத்துக்குள் போடுகிறவள் நிருஷாதான். நாட்கள் போயின. ஒரு நாள் காலை அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது, அழுகையும் எரிச்சலும் பாதிப் பாதியாக.

“அம்மா, மாமிக்கிட்டப் போங்க. மணந்ததுதானே! நான் எத்தின நாள் வகுப்பில கலாஜினிட போத்தல்ல தண்ணி வாங்கிக் குடிச்சன் தெரியுமா?”

பிரஷாந்தி சேலை மாற்றினாள். வெற்றிலைத் தட்டை எடுத்தாள், போத்தலையும் மூடியையும் பைக்குள் போட்டாள், பஸ் ஏறினாள். பஸ் பாலத்தைக் கடக்கும்போது கீழே வாவி சற்று ஒதுங்கி வழிவிட்டது.

தெய்வமணி உட்காரக் கதிரை போட்டாள்; கோபம் வேறு, மரியாதை வேறு. தம்ளரில் தண்ணீரும் கொடுத்தாள். பிரஷாந்தி தம்ளரைக் கையில் வாங்கியதும், தண்ணீர் முழுக்க மறுபக்கமாகச் சரிந்து ஒட்டிக்கொண்டு நின்றது. தெய்வமணி அதைப் பார்த்தாள். பார்த்ததில் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்தாள்.

“ஓம் மச்சாள்,” என்றாள் பிரஷாந்தி. “போத்தல் மணந்ததுதான். எனக்கு முந்தியே தெரியும். ஆக்கள் பார்த்தாங்க எண்டு வாய் விட்டுட்டன்.”

சொல்லி முடித்ததும், குளிர்த்தி நாளிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அன்றுதான் விட்டவள் போலக் கதிரையில் சாய்ந்தாள். தம்ளரில் தண்ணீர் பாதிவரைக்கும் நேராக வந்தது. தெய்வமணி பையிலிருந்து போத்தலை எடுத்து, தன் வெற்றியை முகர்ந்து பார்க்க மூக்கை உள்ளே விட்டாள். முகம் மாறியது.

“இதுல ஒரு மணமும் இல்லியேகா!”

“இல்ல மச்சாள், மணக்கும்.”

“மணக்கல்ல எண்டுறன்!”

“நல்லா இழுத்துப் பாருங்க மச்சாள்! எங்களையெல்லாம் இந்தப் பாடு படுத்தினது மணக்காமலா?”

“என்ட மூக்கைப் பிழையெண்டுறியா நீ?”

இருவரும் கோயில் வெளியில் விட்ட இடத்திலிருந்து, ஆளுக்கு ஆள் கட்சி மாறி, மறுபடியும் தொடங்கிவிட்டார்கள். தெய்வமணி ஆத்திரத்தில் மூடியை எடுத்துப் போத்தலை அறைந்து மூடப் போனாள். மூடி மூக்கைக் கடந்தது. கை அந்தரத்தில் நின்றது.

“பொறு,” என்றாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். மூடியின் உட்புறம் குத்தி நெம்பினாள். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த ஒரு றப்பர் வளையம் கறுத்து வழுவழுத்து வெளியே வந்தது. அதன் கீழே சித்திரை மாதத்து மோர் அப்படியே குடியிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பின்னுக்குச் சாய்ந்தார்கள். முற்றத்துக் கோழி வாசல் படலை வரைக்கும் போய்த்தான் நின்றது.

“பார்த்தியா,” என்றாள் தெய்வமணி, மூக்கைப் பொத்திக்கொண்டு, முதல் தடவையாகச் சிரித்து. “நீ சொன்னது சரிதான். போத்தல் மணக்கல்ல. மூடிதான்.”

“மச்சாள் சொன்னதும் சரிதானே,” என்றாள் பிரஷாந்தி. “மணந்ததுதானே.” இப்படி இரண்டு பேரும் வென்ற வழக்கு எங்கள் பக்கத்தில் வேறு இல்லை. தம்ளரில் தண்ணீர் நேராகிவிட்டது. பிரஷாந்தி குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள்.

வளையத்தைச் சுடுதண்ணீரிலும் வினாகிரியிலும் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, மூடியின் பள்ளத்தை ஊசியில் துணி சுற்றித் துடைத்து, எல்லாவற்றையும் ஒரு தட்டில் வெயிலில் வைத்தார்கள். அது காய்வதற்குள் தெய்வமணி சோறு போட்டாள். பிரஷாந்தி, உப்பு அளவாக இருக்கிறது என்று வாயாரச் சொன்னாள். பிறகு தெய்வமணி பட்டுச் சேலை உடுத்தி, ஓட்டோ பிடித்தாள். ஓட்டோவுக்குப் பின்னால் தண்ணீரும் கிளம்பியது. கையகல ஓடையாக, தெருவின் இடது பக்கமாக, பாலத்தில் மற்ற வாகனங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வந்தது. ஒழுங்கை முனையில் கூடையோடு நின்ற பெண்கள் அதைப் பார்த்து, இறால் காலம் முடிந்தது என்று விளங்கிக்கொண்டு, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சடங்குக்கு உடுக்கப் போனார்கள்.

தெய்வமணி குடத்தைச் சரித்தாள். தண்ணீர் தயங்கவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. நேராக நிருஷாவின் தலையில் விழுந்தது. நிருஷா குளிரில் கத்திய கத்து புளியந்தீவு வரைக்கும் கேட்டிருக்கும். பிரஷாந்தி அறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்து சோறு பரிமாறினாள். ரதீஸ் அன்று தன் வீட்டிலேயே குளித்தான், அதுவும் இரண்டு தரம்.

வந்த தண்ணீர் உடனே போகவில்லை. கணுக்கால் அளவுக்கு வளவு முழுக்கத் தெளிவாக நின்றது. உறவுக்காரர்கள் நடுவே அதுவும் ஒரு ஆளாய் இருந்தது. வந்திருந்த பெண்கள் சேலையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்காய்க் கறி நல்லாயிருக்கிறது என்று பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். பின்னேரம் ஆட்கள் போய்வாறோம் என்று சொல்லி எழும்பியபோது, தண்ணீரும் எழும்பி, வளவுக் குப்பையை எல்லாம் அள்ளிக்கொண்டு, படலையால் இறங்கி, அவர்களோடு ஒழுங்கை வழியே போனது. பிரஷாந்திக்கு அன்று வளவு கூட்டுகிற வேலை இருக்கவில்லை.