மைக் இல்லாத வசனம்

காலை ஏழு மணிக்குப் பூசிய சாயம் பதினொரு மணிக்கே வியர்வையில் கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஒரகடம் கல்குவாரிப் பள்ளத்தில், கோட்டும் டையுமாகச் சின்னப்பராஜ் காத்திருந்தான். படத்தில் அவன் வெளிநாட்டுக் கடத்தல்காரன். மற்ற நாட்களில் படப்பைச் சூளையில் செங்கல் அறுப்பவன்.

அப்பா இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர், அம்மா பர்மாக்காரி. ரங்கூனிலிருந்து அவன் கப்பலேறி வந்த வருஷமே, மாதா கோயிலில் ஏசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில், அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்கில் தொங்கும் யூதாஸ் வேஷம் கொடுத்தார்கள். அந்த மூஞ்சிக்கு வேறு வேஷம் பொருந்தாது என்றார்கள். ஆனால் தூக்குக் கயிற்றைக் கையில் எடுத்து அவன் அழுதால் கூட்டமும் சேர்ந்து அழும். அந்தத் தொண்டையை நம்பித்தான் கோடம்பாக்கம் போனான். நான்கு வருஷம் கும்பலோடு கும்பலாக நின்றான். இன்றுதான் முதல் வசனம். திரையில் குரல் வந்துவிட்டால், பேசும் நடிகன் என்று சங்கத்தில் அட்டை கிடைக்கும். சூளையை விட்டுவிடலாம்.

அவன் கண் மைக்கைத் தேடியது. கோயில் நாடகத்திலேயே தலைக்கு மேல் இரண்டு தொங்கும்.

"மைக் எங்கண்ணே?"

ஏஜென்ட் நடேசன் வெற்றிலையைத் துப்பினான். "வெட்டவெளில மைக் இன்னாத்துக்குபா? அப்பால ஸ்டுடியோ வந்து பேசணும்."

"நான்தான பேசுவேன்?"

"பின்ன, உங்க தாத்தாவா வந்து பேசுவாரு? போய் நில்லுபா."

சொல்லும்போது நடேசன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

காட்சியில் குண்டடிபட்டுச் சரிந்தவன் தன் வசனத்தை ஒரே மூச்சில் பேசி முடித்தான். கல்லுடைக்கும் பெண்கள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஸ்டுடியோவிலிருந்து கடிதம் வரவில்லை. இரண்டு முறை நேரில் போனான். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

"அந்த ஏஜென்ட்டு டபாய்க்கிறான்," என்றாள் மனைவி செல்வமேரி. "வேற எவனையோ வெச்சுப் பேசிட்டானுங்க, பாரு."

"சும்மா கெட," என்றான். அவனுக்கும் அதே சந்தேகம்தான்.

குவாரியில் நடித்த எட்டாம் மாதம் படம் சுங்குவார்சத்திரம் டூரிங் கொட்டகைக்கு வந்தது. இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள். குவாரி வந்தது. கோட்டு வந்தது. திரையில் அவன் வாய் திறந்தது.

"நம்பள்கி அம்மா... நம்பள் பாடி அனுப்பு மேன்..."

வேறு எவனுடையதோ கீச்சுக்குரல். கொட்டகை சிரித்தது. எவனோ விசிலடித்தான். செல்வமேரி அவன் கையைப் பிடித்தாள், உதறினான்.

திரையில் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அந்த அசைவுக்குச் சரியாகச் சின்னப்பராஜ் தன் வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தான். "எனக்கும் ஒரு தாய் இருக்காடா. என் பொணத்தையாவது அவகிட்ட அனுப்பு..."

முன்னால் உட்கார்ந்திருந்தவன் திரும்பி முறைத்தான்.

"யோவ், மூடுயா வாயை. வசனம் கேக்க வுடு."