கந்தகம் போட்ட கிடங்கு

1944-ஆம் வருஷம் தை மாதம். செஞ்சிக் கோட்டைக்குக் கீழே இருந்த வேர்க்கடலைக் கிடங்கில் வண்டு பிடித்துவிட்டது. புது மூட்டைகள் வருவதற்குள் கந்தகப் புகை போட்டாக வேண்டும்.

அந்த மஞ்சள் பொடியைக் கிடங்குக் கூலி மதலைமுத்துவுக்குத் தெரியும். தேங்காயெண்ணெயில் குழைத்துச் சிரங்குக்குப் பூசியிருக்கிறான். அதனால் பயமில்லை. நான்கு சட்டிகளில் கொட்டித் தணல் வைத்தான். நீலமாக எரியத் தொடங்கியதும் வெளியே வந்தான். கணக்குப்பிள்ளை ராஜாராம் கதவைப் பூட்ட, இவன் இடுக்குகளில் காகிதம் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனான்.

வீடு இரண்டு தெரு தள்ளி. கதவு சாத்தியிருந்தது; மனைவியைக் காணோம். பக்கத்து வீட்டு மீனம்பாளிடம் கேட்டான்.

"அருளம்மா எங்க?"

"இன்னும் வரலியே. அதுவும் எங்களோட கெடங்குல சாக்கு உதறத்தான வந்துச்சு? ஜுரமா இருக்குது, சாக்குக் கட்டுக்குப் பின்னால செத்த படுத்துட்டு வரேன்னு சொல்லிச்சே."

சாக்குக் கட்டுக்குப் பின்னால் அவன் பார்க்கவில்லை. கிடங்குக்கு, கணக்குப்பிள்ளையிடம் ஓடினான்.

"ஐயா, தொறங்க. எம் பொண்டாட்டி உள்ள இருக்குறா."

"நல்லா தெரியுமா? நாளைக்கித்தான்டா தொறக்கணும். சண்டைக் காலத்துல மறுபடி கந்தகத்துக்கு எங்க போறது?"

மதலைமுத்து கதவில் காதை வைத்தான். சத்தமில்லை. பிறகு உள்ளே ஓர் இருமல், பூனை செருமுவதுபோல.

ராஜாராமும் அதைக் கேட்டார். மடியிலிருந்து சாவியை எடுத்தார். மதலைமுத்து பிடுங்கித் திறந்தான். புகை முகத்தில் அறைந்தது. ஈரத் துண்டை வாயில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி சுவரைத் தடவிப் போனான். "அருளு" என்று கூப்பிட வாயைத் திறந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. இனி மூச்சு தாங்காது என்ற இடத்தில் காலில் அவள் தட்டுப்பட்டாள். சுவரடியில் வெளிக்காற்று வந்த எலி வளையில் வாயை வைத்துக் குப்புறக் கிடந்தாள்.

இழுத்து வந்து வேப்பமரத்தடியில் போட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. ராஜாராம் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்துத்தான் மார்பு ஏறி இறங்கியது.

நான்காம் நாள் அவளுக்குக் குரல் வந்தது.

"பூட்டறதுக்கு முன்னால ஒரு தபா கூப்டிருக்கக் கூடாதா?"

காலருகே உட்கார்ந்திருந்தவன் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.