பட்டி பூசிய கூரை

இரண்டு நாளாக யுவராணிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் அந்த வேன் கூரைதான் வந்து நின்றது. வேலை முடிந்தாயிற்று, வண்டியை ஒப்படைத்தாயிற்று, கோமளா அம்மா கேசரிகூடக் கொடுத்து அனுப்பினார். அப்புறமும் என்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கே எழுந்து பாலைக் காய்ச்சப் போனாள்.

சேக்காட்டு அடுக்குமாடி ஒன்றில் இருக்கும் சுப்பராயனும் கோமளாவும் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து ஓடுகிற வீடாக மாற்றியிருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் போவார்கள். இவர்கள் கேம்பர் வேனில் ஊர் சுற்றப் புறப்பட்டார்கள். ஃப்ரிட்ஜுக்கும் விளக்குக்கும் மின்சாரம் வேண்டுமே. கூரைமேல் சோலார் பேனல் பொருத்தும் வேலை மண்ணூர்பேட்டையில் ஷெட் வைத்திருக்கும் யுவராணியிடம் வந்தது. ஐடிஐயில் வயர்மேன் படித்தவள். மொட்டை மாடிகளில் எத்தனையோ பேனல் மாட்டியிருக்கிறாள். ஆனால் மாடி இருந்த இடத்தில் இருக்கும். இது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடப்போகிற கூரை.

அந்தக் கூரையோ ஒரு இடத்தில் இருந்தாற்போல் இன்னொரு இடத்தில் இல்லை. பல வருஷம் கேரியர் அழுத்தி அழுத்தி அங்கங்கே பள்ளம். ரசமட்டத்தை வைத்தால் உள்ளே இருக்கும் குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. துளை போட்டு போல்ட் முடுக்கலாம் என்றால் சுப்பராயன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். மழைத் தண்ணீர் கட்டிலில் சொட்டும் என்று அவருக்குப் பயம். ஆகவே நான்கு அலுமினியக் கால்களைக் கூரையில் பசை போட்டு ஒட்டி, அவற்றின் மேல் பேனலை முடுக்குவதாக ஏற்பாடு. பள்ளத்தை மட்டும் சரி செய்து கொடு என்று வியாழக்கிழமை கணவன் உதயகுமாரிடம் சொன்னாள். அவன் அதே ஷெட்டில் டிங்கரிங் வேலை பார்க்கிறவன். வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் கூரை கண்ணாடி மாதிரி இருந்தது. ரசமட்டத்தின் குமிழி நட்ட நடுவில் நின்றது. ஒட்டிவிட்டாள்.

"இன்னா மே, பால் பொங்கினுகீது, நீ செவுத்தப் பாத்துகினு நிக்கிற" என்று வந்து நின்றான் உதயகுமார்.

"இன்னிக்கி ஏலகிரிக்குக் கெளம்புறாங்கய்யா. பசை நல்லாப் புடிச்சிருக்குமான்னு ஒரே ரோசனையா கீது."

மனைவியைத் தேற்றுவதென்றால் உதயகுமாருக்கு உற்சாகம் வந்துவிடும். விஷயம் தெரிந்தாலும் தேற்றுவான், தெரியாவிட்டாலும் தேற்றுவான். "அதெல்லாம் புடிச்சிருக்கும். நான் எப்டி கூரையப் பண்ணிக் குடுத்தேன் பாத்தல்ல? பள்ளத்துல நாலு கோட்டு பட்டி. தேச்சி, மேல பெயிண்ட் அட்ச்சேன். தடவிப் பாத்தாகூட ஒருத்தனும் கண்டுபுடிக்க முடியாது."

யுவராணி அடுப்பை அணைத்தாள். "பட்டியா போட்ட?"

"பின்ன?"

"உள்ளாறருந்து தட்டி பள்ளத்த எட்த்தேன்னு நெனச்சிகினு கீறேன்."

"எப்டி எடுக்கறது? உள்ளாற பிளைவுட்ல சீலிங் அட்ச்சிட்டாங்களே. அத்தப் பிரிச்சா அந்தப் பெரியவரு உடுவாரா?"

நசுங்கிய காரை நசுங்காத கார் போலக் காட்டுவதற்குப் பூசுகிற பசைமாவுதான் பட்டி. பட்டறைக்காரர்களுக்கு அதைவிடச் செல்லமான பொருள் கிடையாது. கண்ணுக்கும் கைக்கும் தெரியவில்லை என்றால் அவர்களைப் பொறுத்தவரை பள்ளம் போய்விட்டது. உதயகுமார் பதினைந்து வருஷமாக அப்படித்தான் வேலை செய்கிறான், அப்படித்தான் பெயரும் வாங்கியிருக்கிறான். அவன் பூசிய கதவில் இதுவரை யாரும் எதையும் ஒட்டித் தொங்கவிட்டதில்லை.

"பழைய பெயிண்ட்ட சொரண்டிட்டுப் போட்டியா?"

அவன் தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் தேச்சேன்."

"கொஞ்சம்னா?"

"வெள்ளிக்கெழம காலைல ரெடியா ஓணும்னு நீதான மே நின்ன."

 யுவராணி போட்ட பசை பட்டியைப் பிடித்திருக்கும். அதில் சந்தேகமில்லை. பட்டி எதைப் பிடித்திருக்கிறது? வழவழப்பான பழைய பெயிண்ட்டை. ஊருக்குள் ஊர்ந்து போகும்வரை ஒன்றும் ஆகாது. நசரத்பேட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் காற்று பேனலுக்கு அடியில் புகுந்து தூக்கும். இருபது கிலோ கண்ணாடி. பின்னால் வருகிறவன் பைக்கில் வந்தால் அவன் கதி என்ன? அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சுப்பராயனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவேன் என்று அவர் பெருமையாகச் சொல்லியிருந்தார். நல்ல பழக்கம்தான், இன்றைக்கு மட்டும் இல்லாமலிருந்திருக்கலாம். கோமளா போன் வைத்துக்கொள்வதே இல்லை.

பட்டி பிளேடையும் இரண்டு ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். உதயகுமார் கிளப்பினான். அம்பத்தூரைத் தாண்டி, திருமுல்லைவாயலைத் தாண்டி, ஆவடி வரைக்கும் அவள் பேசவில்லை.

பேசாமல் வந்ததற்கு வேறொரு காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை கூரைமேல் ஏறியதும், பழக்கதோஷத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். தகரம் என்றால் டங் என்று கேட்க வேண்டும். டொக் என்று கேட்டது. நான்கு இடத்தில் தட்டினாள், நான்கிலும் அதே சத்தம். கீழே சுப்பராயன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் உதயகுமார் தன் வேலையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தான். இன்னாய்யா பண்ணே என்று கஸ்டமர் முன்னால் கேட்டால் அவன் முகம் சுண்டிப்போகும், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்காது. ரசமட்டம் சரியாகத்தானே காட்டுகிறது என்று பசை டியூபை எடுத்துப் பிதுக்கினாள். இரண்டு நாள் தூக்கம் போனதற்கு அதுதான் காரணம் என்று இப்போது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

சேக்காட்டில் வேன் நிற்கும் இடம் காலியாக இருந்தது. தரைத்தளத்து ஜமீலா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"கோமளாம்மாவையா தேடுறீங்க? வண்டி நேத்தே போயிடுச்சே."

யுவராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நேற்றே போயிருந்தால் நடக்க வேண்டியது எங்கேயோ நடந்து முடிந்திருக்கும்.

"ஐயோ, ஏன் இப்படி ஆயிட்டீங்க, உக்காருங்க. வண்டி மட்டும்தான் போச்சு. ஞாயித்துக்கிழமை மேற்கே சூலமாம். அதனால நேத்து நல்ல நேரத்துல வண்டிய எடுத்து கரையான்சாவடியில அவங்க தம்பி வீட்டு வாசல்ல விட்டுட்டு வந்துட்டாங்க. அவங்க ரெண்டு பேரும் ஆறு மணிக்குதான் ஆட்டோ புடிச்சுப் போனாங்க."

பரஸ்தானம் என்பார்கள். ஆகாத நாளில் பயணம் வைக்க நேர்ந்தால், முந்தின நாளே மூட்டையை அக்கம்பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சுப்பராயன் மூட்டைக்குப் பதிலாக வேனையே, அதோடு பெட்டியில் பூட்டிய போனையும் சேர்த்து, வைத்திருக்கிறார். சூலத்தையும் ராகுகாலத்தையும் யுவராணி ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனாலும் ஆட்டோ, தம்பி வீட்டுக் காபி என்று அரை மணி நேரம் கிடைத்திருக்கிறது. சூலத்துக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் எல்லாம் கண்ணில் படாமலே பின்னால் போயின. கரையான்சாவடி சிக்னலை நெருங்கும்போது, உயரமான வேன் முதுகு ஒன்று பூந்தமல்லிப் பக்கம் திரும்புவது தெரிந்தது. பைக் வருவதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது.

"போய்யா" என்றாள். உதயகுமார் வாழ்க்கையில் எத்தனையோ சிக்னலை மதிக்காமல் போயிருக்கிறான். அன்றைக்கு எதிரே குடிதண்ணீர் லாரி வந்தது, காலை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு நிமிஷம் யுவராணி அவன் சட்டையைப் பிடித்த பிடியில் தையல் விட்டது.

நசரத்பேட்டைக்கு அப்பால்தான் வேனைப் பிடித்தார்கள். அதற்குள் அது வேகம் எடுத்துவிட்டது. உதயகுமார் ஹாரனில் வைத்த கட்டை விரலை எடுக்கவில்லை. ஆனால் நம் சாலையில் ஹாரனுக்கு யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பக்கவாட்டில் போய்க் கையைக் காட்டியபோது, ஜன்னலோரம் இருந்த கோமளாவின் முகம் மலர்ந்தது. வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் கையசைத்தார். கணவரிடமும் ஏதோ சொன்னார். சுப்பராயன் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

பைக் பின்தங்கியது. அப்போதுதான் யுவராணி மேலே பார்த்தாள். பேனலின் முன்பக்கம் துடித்துக்கொண்டிருந்தது. சுண்டு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு ஸ்கூட்டர், அதில் புருஷனும் பெண்டாட்டியும், நடுவில் மூன்று வயசுக் குழந்தை. அதற்குப் பின்னால் வரிசையாக இன்னும் நாலைந்து வண்டிகள்.

"யோவ், முன்னாடி போய் நிறுத்துய்யா. இட்ச்சாலும் பரவால்ல."

உதயகுமார் ஒரு கணம் அவளைக் கண்ணாடியில் பார்த்தான். பிறகு அந்தப் பழைய பைக்கால் முடிந்ததற்கு மேலேயே முறுக்கி, வேனை இடப்பக்கம் தாண்டி, அதற்கு முன்னால் வந்து, பிரேக் விளக்கு தெரியத் தெரிய வேகத்தைக் குறைத்தான். வேன் முதுகில் மூச்சு விடுகிற தூரத்தில் வந்தது. யுவராணி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஓரமாக ஒதுங்கி வண்டி நின்றபோது, ஸ்கூட்டர்காரன் அவர்களைத் தாண்டிப் போகிறபோக்கில் அசிங்கமாக ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போனான். அதைவிட இனிமையாக அன்று அவள் காதில் எதுவும் விழவில்லை.

சுப்பராயன் இறங்கினார். முகம் சிவந்திருந்தது. "என்னம்மா இது, கொலை பண்ணப் பாக்கறீங்களா?"

"பேனல் நிக்காது சார். இப்பவே கயட்டணும்."

அவர் நம்பவில்லை. பின்பக்க ஏணியில் ஏறி, கைக்கு எட்டிய பின்னங்காலைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. "பாரும்மா. யானை இழுத்தாக்கூட வராது. ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம். கிளம்பின வண்டிய நடுவழியில நிறுத்தினா மனசுக்கே ஒரு மாதிரி இருக்கு."

"நீங்க எறங்குங்க சார்" என்று சொல்லிவிட்டு யுவராணி மேலே ஏறினாள். முன்பக்கம் குனிந்து, காலுக்கடியில் பட்டி பிளேடைச் செருகினாள். அழுத்தவே தேவையிருக்கவில்லை. அலுமினியக் கால் தட்டு போலப் பெயர்ந்து வந்தது, அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி. கூரையில் அது இருந்த இடத்தில் பள்ளிக்கூட வேனின் பழைய மஞ்சள் பெயிண்ட் பளபளவென்று ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. இன்னொரு முன்னங்காலும் அப்படியே வந்தது. மூன்றாவது காலைத் தொட்டதும் வந்துவிட்டது. சுப்பராயன் ஆட்டிப் பார்த்தாரே, அந்த ஒரு கால்தான் இருபது கிலோவையும் பிடித்துக்கொண்டிருந்தது.

பெயர்ந்த துண்டை அவள் கீழே நீட்டினாள். கோமளா வாங்கிப் பார்த்துவிட்டுக் கணவரிடம் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லாரிகள் போகும்போதெல்லாம் வேன் ஆடியது.

"இத யார் பூசினது?" என்றார்.

"நான்தான் சார்" என்றான் உதயகுமார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்லல."

யுவராணிக்குத் தப்பித்துக்கொள்ள வழி திறந்துதான் இருந்தது. புருஷனே வாயால் ஒப்புக்கொண்டுவிட்டான். பேசாமல் ஸ்பேனரை எடுத்துக் கடைசிக் காலைக் கழற்றினால் போதும். சுப்பராயனும் அவளைப் பார்த்து, பாவம் நீ என்ன பண்ணுவே என்கிற மாதிரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"தெரியும் சார்" என்றாள். "பட்டின்னு தெரியாது. ஆனா வெள்ளிக்கெழம தட்டிப் பாத்தேன், சத்தம் சரியில்ல. கேட்டிருக்கணும். கேக்காமயே ஒட்டிட்டேன்."

 சுப்பராயன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பேனலின் ஒரு பக்கத்தைத் தாங்க ஏணியருகே வந்து நின்றார். நால்வருமாக இறக்கி, வேனுக்குள் கட்டில்மேல் போர்வை விரித்துப் படுக்க வைத்தார்கள். ஏலகிரி அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கோமளாதான் முதலில் சொன்னார். வேன் ஆவடிப் பக்கம் மெதுவாகத் திரும்பிப் போனது.

இவர்கள் சென்னீர்குப்பத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். உதயகுமாரே யுவராணியின் கிளாஸை வாங்கி ஆற்றிக் கொடுத்தான்.

"நான்தான் ஒத்துகினேனே. நீ ஏன் மே வாயக் குடுத்த?"

 அவன் தன் டீயைப் பாதி குடித்தான்.

"வெள்ளிக்கெழம அங்க வெச்சி நீ கேட்டிருந்தா, நான் கோச்சிகினு போயிருப்பேன்" என்றான்.

"தெரியும்யா. அதான் கேக்கல."

உதயகுமார் மீதி டீயைக் குடிக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "கோச்சிகினா கோச்சிகினு போறேன்" என்றான் கடைசியில். "நீ கேளு மே."