ஹாஸ்கெட் வீட்டு முறை

வலது கால் பூட்ஸ் ஏறவேயில்லை. லியோட்டா அப்பாவின் குதிகாலைத் தன் முழங்காலில் முட்டுக்கொடுத்து இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள். விறைத்த கால் வளைந்துகொடுக்கவில்லை.

"விட்டுடுடி," என்றாள் அம்மா ஹெஸ்டர். "போர்வையால மூடிடலாம். யாரு பாக்கப் போறா."

வெளியே ரூபஸ் மாமாவின் குரல் கேட்டது. "முதல்ல மூட்டையை இறக்குங்கப்பா. சவப்பெட்டியை எங்க வைக்கிறது?"

வண்டி வியாழக்கிழமையிலிருந்து அப்படியே நின்றது. ஒன்பது வீட்டார் கொடுத்த ஒன்பது மூட்டைச் சோளமாவு, இரண்டு பீப்பாய் உப்புக்கறி. ரயில் கம்பெனி கூலியைக் குறைத்ததால் டவுன் ரயில் யார்டில் ஒரு மாதமாக வேலைநிறுத்தம். அதே கம்பெனிதான் இந்த ஊர் விவசாயிகளின் பருத்திக்கும் சரக்குக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனது. அதனால் விவசாயிகள் சங்கம் வாராவாரம் ஒரு வீட்டு வண்டி என்று முறை வைத்து, யார்டுக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்பியது. இந்தச் சனிக்கிழமை ஹாஸ்கெட் வீட்டு முறை. வியாழனன்று அப்பா ஓர்வில் ஹாஸ்கெட் கடைசி மூட்டையை ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே சாய்ந்தார்.

லியோட்டா வெளியே வந்தாள். "மூட்டை இறங்காது மாமா."

"பின்ன?"

"அதுக்கு மேல பெட்டியை வைங்க. கல்லறை டவுனுக்குப் போற வழிதானே. அடக்கம் பண்ணிட்டு அப்படியே யார்டுக்குப் போயிடறேன்."

போதகர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "லியோட்டா, கடைக்குச் சரக்கு போற மாதிரியாம்மா அவரை அனுப்புறது? ஒரு மரியாதை வேண்டாமா?"

"இறக்கி வச்சிட்டு, அடக்கம் முடிஞ்சு வந்து ஏத்திக்கயேன்," என்றார் சங்கத் தலைவர் ப்ரூயிட், தரையைப் பார்த்தபடி.

"வந்து ஏத்திப் போய்ச் சேர ராத்திரி ஆயிடும்ணே. இன்னைக்குச் சாயங்காலம் அங்க கை தூக்கறாங்க, வேலைக்குத் திரும்பறதா வேண்டாமான்னு. வயித்துல ஒண்ணும் இல்லாதவன் எந்தப் பக்கம் தூக்குவான்? தலைவர் நீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ப்ரூயிட்டை முந்திக்கொண்டு ரூபஸ் பேசினார். "இந்த மூட்டைதான்டி உங்கப்பனைக் கொன்னுது. அவனுங்க சம்பளம் வாங்குன காலத்துல உனக்கு ஒரு பிடி மாவு குடுத்தானுங்களா? உள்ள போய் உங்கம்மா மாவுப் பெட்டியைத் திறந்து பாரு. அப்புறம் தானம் பண்ணு."

"இது தானம் இல்ல. முறை."

"பொட்டப்பிள்ளையைச் சங்கத்துல உக்கார வச்சு ஓட்டும் போட வச்சான் பாரு, அவனைச் சொல்லணும்."

"அவரைத்தான் பெட்டியில வச்சிருக்கு. போய்ச் சொல்லிட்டு வாங்க."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

மாவுப் பெட்டியைப் பற்றி மாமா சொன்னது நிஜம். காலையில்தான் லியோட்டா அதன் அடியைப் பார்த்திருந்தாள். அதனாலேயே கோபம் இன்னும் கூடியது. எல்லோரும் ஹெஸ்டரைப் பார்த்தார்கள். வண்டியும் கோவேறு கழுதைகளும் இனி அவளுடையவை. இரண்டு நாளாகத் தூங்காத முகம். அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கட்டிலில் விரித்திருந்த ஒட்டுத்துணிப் போர்வை கையில் இருந்தது. அதை மூட்டைகள்மேல் விரித்து, நான்கு மூலையையும் இழுத்துவிட்டாள்.

"தூக்குங்க," என்றாள். "வெயில் ஏறுது."

பெட்டி ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ரூபஸும் ஒரு மூலையைப் பிடித்திருந்தார். கல்லறைவரை ஆறு மைல். திட்டிக்கொண்டே வந்தார், கையை மட்டும் எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து அம்மாவும் மகளும் யார்டு வாசலை அடைந்தபோது மணி நாலு. வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சமைத்துப்போடும் நோரா டோலன், கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"வந்துட்டீங்களா. இன்னைக்கு வண்டி வராதுன்னு காலையிலேருந்து ஒருத்தன் சொல்லிட்டே திரியறான்." வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஓர்வில் எங்க? முதல் வார வண்டியோட கூட வந்து என் அடுப்பைக் குறை சொல்லிட்டுப் போனாரே மனுஷன்."

லியோட்டா வாயைத் திறந்தாள். ஆட்கள் அதற்குள் மூட்டைகளைத் தோளில் ஏற்றிவிட்டிருந்தார்கள். சொன்னால் கீழே வைப்பார்கள். தொப்பியைக் கழற்றுவார்கள். ஆளுக்கொரு ஆறுதல் சொல்வார்கள். நின்று கேட்க அவளிடம் தெம்பு இல்லை.

"இன்னைக்கு வர முடியலக்கா."

"உடம்புக்கு முடியலையா? இருங்க."

பெரிய பானையின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. நோரா ஒரு தகர வாளியில் பீன்ஸ் கஞ்சியோடு வந்து, தட்டால் மூடி, ஹெஸ்டரின் கைகளில் கொடுத்தாள். "போறதுக்குள்ள ஆறிடும். அவருக்குச் சூடு பண்ணிக் குடுங்கம்மா."

ஹெஸ்டர் தலையாட்டினாள்.

ஆட்கள் கூட்டக் கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். என்ன முடிவாகிறது என்று பார்க்க அவர்கள் இருவரும் நிற்கவில்லை.

வெற்று வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. பள்ளம் வந்த இடத்திலெல்லாம் லியோட்டா கடிவாளத்தைச் சற்று இழுத்துப் பிடித்தாள். ஹெஸ்டர் இரண்டு கைகளாலும் வாளியை மடியிலிருந்து உயர்த்திக்கொண்டாள். பள்ளம் தாண்டியதும் மறுபடி மடியில் வைத்தாள்.