சும்மா உட்கார்ந்த நேரம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். எல்லா நேரமும் அது கெடுதல் செய்வதில்லை.

சட்டை தைக்கும் கம்பெனியில் நான் காலர் வைப்பவள். எங்கள் வரிசைக்கு சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் தம்பிதான். வீட்டில் "அண்ணி, பசிக்குது" என்று தட்டை நீட்டுகிற பிள்ளை, கம்பெனிக்குள் நுழைந்ததும் முகத்தையும் சேர்த்து இஸ்திரி போட்டுக்கொள்வான்.

போன மாதம் ஒருநாள் காலை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து எல்லாத் தையல் மெஷின்களும் நின்றுபோயின. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். கரண்ட் போனால் வாசலில் உள்ள பேட்டரிக் கருவியில் விரல் வைத்து, 'வெளியே போனேன்' என்று பதிந்துவிட்டுத் திரும்ப இடத்தில் வந்து உட்கார வேண்டும். கரண்ட் வந்ததும் 'உள்ளே வந்தேன்' என்று மறுபடி விரல். எப்போதும் ஐந்து பத்து நிமிடம் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அன்று சாயங்காலம் வரை கரண்ட் வரவில்லை.

அன்று பார்த்து மகளுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டு வந்திருந்தேன். அவர் போன் செய்தார்: "உன்னையே கேட்டு அழுவுறா." வீடு நாலு தெரு தள்ளித்தான். கொழுந்தனிடம் போனேன்.

"சும்மாதானே உக்காந்திருக்கேன். பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குதாம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"கரண்ட் எப்ப வேணா வரும் அண்ணி. யாரையும் வெளிய விடாதேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கொடுக்கவில்லை. வீடு திரும்பியதும் மகள் சுடுகிற கையால் என் கன்னத்தைத் தொட்டு, "இவ்ளோ நேரம் என்னம்மா பண்ணே?" என்றாள். "வேலைடா" என்று பொய் சொன்னேன். சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அன்று கொழுந்தன் நீட்டிய தட்டைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அவனே போட்டுக்கொண்டான்.

மாதம் முடிந்ததும் எங்கள் எல்லாருக்கும் அந்த நாளின் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். "நீங்கதான் வெளிய போனதா விரல் வச்சிருக்கீங்களே" என்றார் மேனேஜர். அது கம்பெனியின் நேரம் என்றால் சம்பளம் எங்கே? என் நேரம் என்றால் என்னை ஏன் என் பிள்ளையிடம் விடவில்லை?

அந்த வாரமே மறுபடி கரண்ட் போனது.

"அண்ணி, விரல் வச்சுட்டு வந்து உக்காருங்க."

விரல் வைத்தேன். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டப் போனேன். பட்டன் வைக்கிற அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவளும் விரல் வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். அப்புறம் வரிசையே எழுந்துவிட்டது.

மேனேஜர் ஓடிவந்தார். "எங்க கிளம்பிட்டீங்க எல்லாரும்?"

"வீட்டுக்கு சார். வெளிய போனதா பதிஞ்சாச்சே."

"திடீர்னு கரண்ட் வந்தா? ராத்திரிக்குள்ள சரக்கு ஏத்தணும்மா!"

"அப்ப நாங்க இங்க இருக்கணும். உங்களுக்காகக் காத்திருக்கிறதும் வேலைதான் சார். அதுக்குச் சம்பளம் போடுங்க, இல்ல வழிய விடுங்க."

அவர் என் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணிக்கு நீயே எடுத்துச் சொல்லுப்பா."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இஸ்திரியெல்லாம் கலைந்த முகம்.

"அவங்க சொல்றது சரிதான் சார். அன்னிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல்னு கெஞ்சுனாங்க. நீங்க சொன்னீங்கன்னு நான்தான் விடலை."

மேனேஜர் எங்களையும் நின்றுபோன மெஷின்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, உள்ள வர்றதா விரல் வைங்க. அந்த நாளுக்கும் சேத்துப் போடச் சொல்றேன்" என்றார்.

"வாய் வார்த்தை காத்தோட போயிடும் சார். எழுதி ஒட்டிடுங்க" என்றாள் பட்டன் அக்கா. எழுதி ஒட்டும்வரை வாசலைவிட்டு ஒருவரும் நகரவில்லை.

வீட்டில் மகள் மடியில் ஏறி வழக்கம்போலக் கேட்டாள். "இன்னிக்கு என்னம்மா பண்ணே?"

"சும்மா உக்காந்திருந்தேன்டா" என்றேன், கூடத்துக்கே கேட்கிற மாதிரி.

கொழுந்தன் தன் தட்டை எடுக்கப் போனான். அதை அவன் கையிலிருந்து வாங்கி நானே சோறு போட்டேன்.