வானம் மேலே போன கதை

காலி வீட்டில் பேசினால் நான்கு சுவரும் திருப்பிப் பேசும். பெயின்டருக்கு அது பழகிப்போன விஷயம். காலி வீடுகளில்தான் அவன் பிழைப்பே. ஆனால் இந்த ஒரு மாதமாக வேலை முடிந்து திரும்புகிற சொந்த வீடும் அப்படி எதிரொலிப்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். துணிக்கடை வேலைக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று ஒரே போடாகப் போட்டான். இப்போது அங்கிருந்து அதே மாதிரி ஒரு வேலைக்குப் போய்வருகிறாள். இவன் போன் செய்தால் பேசாமல் மகளிடம் கொடுத்துவிடுவாள். வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லாத மனிதனுக்கு, திரும்பி வா என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, முதல் கோட் பெயின்ட் காய்கிற நேரத்தில் மகளைப் போனில் அழைத்தான்.

"அப்பா, வானம் ஏன் அவ்ளோ மேல இருக்கு?"

சமயம் வாய்த்தது என்று நினைத்தான். "ஸ்பீக்கர்ல போடு. அம்மாவும் கேக்கட்டும்."

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"முன்னாடி வானம் கைக்கு எட்டுற உயரத்துலதான் இருந்துச்சு, குட்டி. ஒரு நாள் ஒருத்தன் ஒட்டடை அடிக்கிறப்ப கம்பு தெரியாம இடிச்சிடுச்சு. அவ்ளோதான். அதுக்குப் போய் கோவிச்சுக்கிட்டு மேல போயிடுச்சு. பாவம், அவன் அண்ணாந்து பாத்துக்கிட்டே தனியா நிக்கறான்."

"போய்க் கூப்பிடலையா?"

"அதுவா மனசு வந்து இறங்கட்டும்னு இருக்கான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று நம்பினான். அன்று ராத்திரி சோறு கொஞ்சம் நன்றாகவே இறங்கியது.

மறுநாள் காலை பெரியம்மா போனிலிருந்து மகளே அழைத்தாள். ரோலரை வாளியில் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்தான்.

"அப்பா, நீ சொன்ன கதை தப்பாம். அம்மா சொன்னா."

"அப்புறம் எப்படியாம்?"

"வானம் கோவிச்சுக்கவே இல்லியாம். யாரு தலையிலயும் இடிக்கக் கூடாதுன்னு அது குனிஞ்சே இருந்துச்சாம். ரொம்ப வருஷமா. முதுகு வலி தாங்காம ஒரு நாள் நிமிந்துச்சாம். அட, நான் இவ்ளோ உயரமான்னு அதுக்கே ஆச்சரியமாம்!" மகள் சிரித்தாள்.

பெயின்டருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளெல்லாம் ஏணியில் நின்று கழுத்தை ஒடித்துக்கொள்கிறவனுக்கு முதுகு வலியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். அவளுக்கும் வலித்திருக்கும் என்றுதான் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது.

"அப்பா, லைன்ல இருக்கியா? இனிமே அது கீழ வராதா?"

வரும் என்று முடிகிற கதை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"குனிய வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு, குட்டி. நான் சொன்னேன்னு சொல்லு."

"அம்மா இப்பதான் வேலைக்குக் கிளம்பிப் போனா. சாயங்காலம் வந்ததும் சொல்றேன்."

"சரிம்மா. மறந்துடாத."

ரோலரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். இரண்டாவது கோட் பாக்கி இருந்தது. சீலிங் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது.