கடைசித் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் ஒயின் நொதிக்கும் மண் தாழிகளைக் கழுவுபவர் வேலை முடிந்ததும் கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு கிண்ணத்தில் மொண்டு முதலில் தான் குடிப்பார். பிறகு வீட்டுக்காரருக்குக் கொடுப்பார். வீட்டுக்காரர் குடித்துவிட்டால் தாழி சுத்தம் என்று பொருள். கீழே கொட்டிவிட்டால் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. மாலைக்குள் செய்தி அலசானி ஆற்றைத் தாண்டிவிடும். அதன்பின் அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

தெங்கிஸ் அண்ணன் முப்பது வருடங்களாக ஊருக்கெல்லாம் தாழி கழுவுகிறவர். அவர் நீட்டிய கிண்ணம் எதுவும் கொட்டப்பட்டதில்லை. போகப்போக யாரும் அதை மோந்து பார்ப்பதுகூட நின்றுபோனது. அவர் கொடுத்ததை மோந்து பார்ப்பது அவரை அவமதிப்பது போல. வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிடுவார்கள்.

எங்கள் ஒயின் கூடம் என்பது கழுத்துவரை மண்ணில் புதைந்த, ஆள் இறங்கும் அளவு பெரிய ஏழு தாழிகள், மேலே ஒரு கூரை. அவ்வளவுதான். என் கணவர் கீவியின் அப்பா இறந்தபின் அவை பதினோரு வருடம் மூடிக் கிடந்தன. தோண்டி எறிந்துவிட்டுக் கோழிப்பண்ணை வைப்பதாக இருந்தோம். தெங்கிஸ் அண்ணன் யாரும் கூப்பிடாமலே வந்து நான்கு நாள் கழுவினார். நான்காம் நாள் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். அந்தத் தண்ணீரில் ஈரக் கல்லின் மணம் தவிர வேறெதுவும் இல்லை. கோழிப் பேச்சு அத்தோடு முடிந்தது. இன்று எங்கள் புட்டிகளில் இருக்கும் படம் அவர் கையால் செய்யும் துடைப்பம்தான். காட்டுச் செர்ரி மரத்தின் பட்டைகளை வட்டமாக அடுக்கி, கயிற்றால் இறுக்கி, நீளமான கம்பின் நுனியில் கட்டுவார். நகரத்திலிருந்து வருகிறவர்கள் அதைப் பூ என்று நினைக்கிறார்கள். கீவி திருத்துவதில்லை.

அந்த வருடம் அறுவடைக்கு மூன்று நாள் இருந்தது. கீவி கொடிகளுக்கு நடுவே இருந்தார். தெங்கிஸ் அண்ணன் எங்கள் தாழிகளில் பெரியதற்குள் ஏணி போட்டு இறங்கியிருந்தார். எங்களுக்குக் கூடை முடைந்து தரும் முர்மான், முதுகில் மாட்டும் புதுக் கூடைகள் நான்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, போகாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கூடைக்கு ஊரில் மதிப்பு, அவர் வாய்க்கு ஊரில் பயம்.

"டேய், மேல வாடா. உள்ளயே குடித்தனம் வச்சிட்டியா?" என்றார் முர்மான்.

"உன் மூஞ்சியப் பாக்கறதுக்கு இது தேவல," என்றது மண்ணுக்கடியிலிருந்து குரல்.

அவர் ஏறி வந்தார். கடைசித் தண்ணீரை மொண்டு குடித்தார். "ஊத்துத் தண்ணி," என்று கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார்.

எனக்கு எதையும் மோந்து பார்க்காமல் வாயில் வைக்க முடியாது. பழகிவிட்டது. கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனேன். காடியின் புளித்த வாடை. மெல்லியதுதான். ஆனால் அவ்வளவு போதும், பனிக்காலத்துக்குள் ஒரு தாழி ஒயினை முழுவதுமாகப் புளிக்க வைத்துவிடும்.

நிமிர்ந்தேன். தெங்கிஸ் அண்ணன் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன லாமாரா, ஜெபம் பண்றியா? நீ குடி, இல்ல எனக்குக் குடு. காலைலேர்ந்து பேசிப் பேசி தொண்ட காஞ்சு கெடக்கு," என்று முர்மான் கையை நீட்டினார்.

நான் ஒரே மடக்கில் குடித்தேன். தொண்டை லேசாக எரிந்தது. "தீந்துடுச்சு. கிணத்தடிக்குப் போங்க."

"கஞ்ச வீடு," என்று சிரித்துக்கொண்டே அவர் எழுந்து போனார்.

நாங்கள் இருவரும் நின்றோம். தெங்கிஸ் அண்ணனின் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னொரு தடவ கழுவணும்ணே," என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. "எந்த எடத்துல?" என்று கேட்டார்.

"அடியில இருக்கும்னு நெனக்கிறேன். எப்போலேர்ந்துண்ணே?"

"பிப்ரவரில காய்ச்சல் வந்துச்சே, அப்பலேர்ந்து. மொதல்ல ரொட்டி வாசனை போச்சு. போனா போகட்டும்னு இருந்தேன். அப்புறம் நதேலா தலமுடி." நதேலா அவர் மனைவி. "குளிச்சிட்டு வந்து பக்கத்துல உக்காருவா. நான் இன்னும் மோந்து பாக்கற மாதிரி நடிச்சிக்கிட்டு இருக்கேன். அவகிட்டயும் சொல்லல."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"கழுவறது கைதானே, கை இருக்கேன்னு நெனச்சேன் லாமாரா. நேத்து முர்மான் வீட்ல ரெண்டு தாழி கழுவினேன். அவன் மோந்தே பாக்கல. பொகையில அடக்கின வாயோட மடக்குனு குடிச்சிட்டான்."

"நான் ஏதாவது சாக்கு சொல்லிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். உங்க பேரு வெளிய வராது."

அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். மறுபடி தாழிக்குள் இறங்கினார். நான் மண்டியிட்டுத் தலையைத் தாழியின் வாய்க்குள் விட்டு, "எடது பக்கம்... இன்னும் கீழ... அங்கதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டுக்குள் பட்டைத் துடைப்பம் உரசும் சத்தம் மட்டும் வந்தது. மூன்றாம் அலசலில் வாடை போய்விட்டது.

ஏறி வந்தவர் ஈரத் துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். முர்மான் வீட்டுப் பக்கம். நான் பின்னாலேயே ஓடினேன்.

முர்மான் அதற்குள் வீடு திரும்பி முற்றத்தில் கூடை முடைந்துகொண்டிருந்தார். "என்னடா, சாப்பாட்டு நேரம் பாத்து வந்துட்டியா?"

"ஒன் தாழியத் தெற. நேத்து சரியா கழுவினேனான்னு எனக்கே தெரியாது. எனக்கு வாசன தெரியல முர்மான். ஏழு மாசமா. லாமாரா மோந்து பாக்கணும்."

முர்மானின் விரல்கள் நின்றன. பாதி வளைத்த குச்சி விடுபட்டு நிமிர்ந்துகொண்டது.

"யார் யார்கிட்ட சொன்ன?"

"லாமாரா அவளா கண்டுபிடிச்சா. நானா சொல்றது ஒன்கிட்டதான்."

"போயும் போயும் என்கிட்டயா? என் வாய் தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். நீ சொன்னா ஊருக்கே போயிடும். வீடு வீடா போய் நான் சொல்ல வேணாம். எனக்கு அந்தத் தெம்பு இல்ல."

முர்மான் அவரையே பார்த்தார். பிறகு மடியிலிருந்த கூடையைத் தள்ளி வைத்தார்.

"நான் சொல்றதுன்னா என் இஷ்டப்படிதான் சொல்வேன். தெங்கிஸ் கழுவுவான், லாமாரா மோந்து பாப்பா, கூப்பிட்டா ரெண்டு பேரும் சேந்துதான் வருவாங்க, ரெண்டு தட்டு வைக்கணும். அப்படின்னு சொல்றேன். போதுமா?"

தெங்கிஸ் அண்ணன் தலையாட்டினார்.

"நதேலாகிட்ட மட்டும் நீயே சொல்லு. இன்னிக்கே சொல்லு. அதுவரைக்கும் என் வாயக் கட்டி வைக்கறேன், அதுவே பெரிசு," என்றபடி முர்மான் குனிந்து தாழியின் மூடிக்கல்லைப் புரட்டினார்.

முதல் தாழியில் ஒன்றுமில்லை. இரண்டாவதன் வாய்க்குள் தலையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கொஞ்சம் இருக்குண்ணே," என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது தெங்கிஸ் அண்ணன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். முர்மான் வெந்நீர் வைக்கச் சொல்லி வீட்டுக்குள் குரல் கொடுத்தார்.